உத்தரவின்றி எரிந்த விளக்கு

மலைப்பாதையின் பதினெட்டாவது வளைவில் ஒரு தியான இல்லம் இருந்தது. ஓடு வேய்ந்த மூன்று அறைகள், ஒரு கூடம், கார் நிறுத்த ஒரு தகரக் கொட்டகை. அங்கே குருவாக இருந்தவர் உலகம்மை. வயது நாற்பத்தாறு. முன்பு ஒரு மலைக்கிராம ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தவர். காவி கட்டமாட்டார். யாரையும் காலில் விழ விடமாட்டார்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் ஏகாம்பரம். வயது அறுபத்து மூன்று. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

வந்த அன்றே ஏகாம்பரம் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, முப்பத்தாறு வருஷம் மேலே இருந்தவங்க சொன்னதை அப்படியே செஞ்சிருக்கேன். ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசினதில்லை. அது சரணாகதியில சேருமா?"

உலகம்மை அடுப்படிப் பக்கம் கை காட்டினார்.

"அடுப்புல பால் இருக்கு. பொங்கிடாமப் பாத்துக்கோங்க" என்றார்.

ஏழு மாதம் ஆகியும் வேறு பதில் வரவில்லை. ஏகாம்பரமும் மறுபடி கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் வராமல் காத்திருப்பது அவருக்குப் பழகிப்போன காரியம்.

இல்லமும் காரும் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். அறக்கட்டளையின் தலைவர் தணிகாசலம். சமவெளியில் நூல் மில் நடத்துகிறவர். பக்தி உள்ளவர், கணக்காகப் பேசுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உலகம்மையின் பேச்சைக் கேட்க வரும் பெரியவர்களை பஸ் நிறுத்தத்திலிருந்து ஏற்றி வரத்தான் அவர் கார் கொடுத்திருந்தார்.

செவ்வாயும் வெள்ளியும் அந்தக் கார் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு போனது. அவர் பெயர் செம்பகவல்லி. காப்பித் தோட்டத்தில் மிளகு பறிக்கிற பெண். முப்பத்தெட்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப் போயிருந்தன. வாரம் இரண்டு தடவை அடிவாரத்து ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ். காலை ஆறரைக்கு அவருக்கு மெஷின் ஒதுக்கியிருந்தார்கள். தவறினால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ் அந்த ஊருக்குப் போய்ச் சேரவே ஒன்பது மணி ஆகிவிடும். அதனால் உலகம்மையே கார் ஓட்டிக்கொண்டு போவார். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் பாதை முழுக்கப் பனிமூட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை, மலை இறங்கி முடிக்கிற நேரத்தில் காரின் இடது பக்க ஹெட்லைட் அணைந்து போனது.

செம்பகவல்லி மெஷினில் படுத்திருந்த நேரத்தில் உலகம்மை கடைத்தெருவுக்குப் போய் இரண்டு பல்ப் வாங்கி வந்தார். ஒன்று போனால் மற்றதும் சீக்கிரம் போய்விடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

திரும்பி வந்ததும் பானெட்டைத் திறக்கப் போனார். ஏகாம்பரம் குறுக்கே வந்தார்.

"அம்மா, கார் அறக்கட்டளையோடது. ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்திடலாமே."

"பல்ப் மாத்தவா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

"சரி, கேளுங்க" என்றார் உலகம்மை. "திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும்."

ஏகாம்பரம் கடிதம் எழுதினார். பொருள், பார்வை எல்லாம் போட்டு, அடியில் கையெழுத்து வைத்து, அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சனிக்கிழமை நினைவூட்டல் ஒன்று அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று.

திங்கட்கிழமை மாலை ஐந்தே கால் மணிக்குப் பதில் வந்தது. காரை யாரும் தொடக்கூடாது. இருபதாம் தேதி கம்பெனி சர்வீஸுக்குச் சொல்லியாயிற்று, ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள். அதுவரை கார் ஓடவேண்டாம். அதோடு இன்னொரு வரியும் இருந்தது. கார் இல்லத்துக்கு வருகிற விருந்தினர்களுக்கு மட்டுமே, தோட்டத்து ஆட்களை ஏற்றுவதற்கு அல்ல.

இருபதாம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

ஏகாம்பரம் கொட்டகைக்குப் போனார். உலகம்மை அங்கே காரில் உட்கார்ந்து விளக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கமும் எரியவில்லை.

ஏகாம்பரம் போனை நீட்டினார். உலகம்மை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பொறுத்துக்கச் சொல்றார்" என்றார் ஏகாம்பரம்.

"யாரை?"

"நம்மளை."

"செம்பகவல்லி ரத்தத்துக்கும் சொல்லியிருக்காரா?"

ஏகாம்பரம் போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு சொன்னார்:

"கடைசி பஸ் அஞ்சு மணிக்கே போயிடுச்சு. ஜீப்காரருக்கு போன் பண்ணிப் பாத்தேன். கல்யாண வீட்டுக்குப் போயிருக்காராம், நாளைக்கு மத்தியானம்தான் வருவாராம்."

"அப்ப என்ன செய்யலாம்?"

"நான் வேணும்னா அவசரம்னு போட்டு இன்னொரு கடிதம்..."

உலகம்மை காரை விட்டு இறங்கினார். உள்ளே போய் பல்ப் இருந்த சின்ன அட்டைப்பெட்டியும் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் கொண்டுவந்தார். ஊசி போடும்போது நர்ஸுகள் மாட்டிக்கொள்கிற கையுறை. அதை ஏகாம்பரத்திடம் கொடுத்தார்.

"போட்டுக்கோங்க."

"நானா?"

"நீங்கதான்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. நீங்க செஞ்சா நான் டார்ச் பிடிக்கிறேன்."

"டார்ச்சை நான் பிடிக்கிறேன்."

ஏகாம்பரம் கையுறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, 'நான்'ங்கிறதை விடணும்னு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. எழுத்துல வந்த உத்தரவை மீறிச் செய்யறது மட்டும் 'நான்' இல்லையா?"

"பேட்டரி வயரை முதல்ல கழட்டுங்க" என்றார் உலகம்மை. "கறுப்பு வயர்."

ஏகாம்பரம் கழற்றினார்.

பானெட்டுக்குள் ஹெட்லைட்டின் முதுகுப்பக்கம் தெரிந்தது. உலகம்மை சொல்லச் சொல்ல அவர் கை போனது. பிளக்கைப் பிடித்து நேராகப் பின்னால் இழுத்தார். ரப்பர் மூடியை உரித்தெடுத்தார். அதற்குள் ஒரு கம்பி கிளிப். அதை அழுத்தி ஒதுக்கியதும் பழைய பல்ப் கையோடு வந்தது. உள்ளே கறுத்துப்போய் இழை அறுந்திருந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் ஏகாம்பரம்.

"இவ்வளவுதான்."

புதுப் பல்பை எடுக்கும்போது கையுறை வழுக்கியது. வலது கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் கண்ணாடியைப் பிடித்தார்.

"அதைக் கீழே வச்சிடுங்க" என்றார் உலகம்மை.

"உடையலையே."

"இப்ப உடையாது. விரல்ல இருக்கிற எண்ணெய் கண்ணாடியில ஒட்டிக்கும். சூடேறினா அந்த இடத்துலதான் வெடிக்கும். பத்தாவது வளைவுல வெடிச்சா நாம எங்கே இருப்போம்?"

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொடுத்தார். ஏகாம்பரம் மறுபடி கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடியை ஒரு குழந்தையின் காதைத் துடைக்கிற மாதிரி துடைத்தார். பல்பின் அடியில் மூன்று தகடுகள் இருந்தன. துவாரத்தில் வைத்து அழுத்தினார். உட்காரவில்லை. பலமாக அழுத்தினார்.

"பலம் வேண்டாம். அது ஒரே ஒரு விதமாத்தான் உட்காரும். திருப்பிப் பாருங்க."

திருப்பினார். உட்கார்ந்தது. கிளிப்பை மாட்டினார், மூடியைப் போட்டார், பிளக்கைச் சொருகினார்.

வலது பக்கம் சுலபமாக இல்லை. பேட்டரி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கை நுழையவே சிரமம். கிளிப்பைத் தேடும்போது தகரம் கிழித்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. ஏகாம்பரம் கையை வெளியே எடுத்துப் பார்த்தார். உலகம்மையும் பார்த்தார்.

"ஆழமா இல்லை" என்றார். டார்ச்சை நகர்த்தவில்லை.

ஏகாம்பரம் மறுபடி கையை உள்ளே விட்டார். முகத்தைப் பானெட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்:

"ஒரு தடவை ஆபீசுக்கு ஒரு அம்மா வந்தாங்க. புருஷன் செத்துப் பத்து நாள் ஆகியிருந்துச்சு. அவர் செத்த பிற்பாடு அவர் கைரேகை வச்ச பத்திரம் ஒண்ணு என் மேஜைக்கு வந்திருந்துச்சு. பதிஞ்சிடுங்கன்னு மேலேயிருந்து போன். அந்த அம்மா மூணு நாள் ஜன்னலுக்கு வெளியிலயே நின்னாங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"விளக்கம் கேட்டு மேலே கடிதம் எழுதினேன்."

"பதில் வந்துச்சா?"

"ஆறு மாசம் கழிச்சு. பத்திரத்தை முன்னாடியே பதிஞ்சிட்டேன். பதிஞ்சுட்டுத்தான் விளக்கம் கேட்டேன்."

பானெட்டுக்குள் கிளிப் மாட்டுகிற சத்தம் கேட்டது.

உலகம்மை டார்ச்சைக் கீழே வைத்தார். பேட்டரி வயரை அவரே மாட்டினார். உள்ளே உட்கார்ந்து விளக்கைப் போட்டார். கொட்டகையின் எதிர்ச்சுவரில் இரண்டு வெளிச்சம் விழுந்தது. ஏகாம்பரம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து உலகம்மை பார்த்ததில்லை.

"எரியுதும்மா!"

"வலது பக்கத்தைப் பாருங்க."

வலது பக்க வெளிச்சம் சுவரில் ஒரு முழம் மேலே போயிருந்தது.

"அதனால என்ன? நல்லாத்தானே தெரியுது?"

"நமக்குத் தெரியுது. எதிர்ல ஏறி வர்ற லாரிக்காரருக்குக் கண்ணு கூசும். அவரைக் குருடாக்கிட்டு நாம போக முடியாது. கிளிப் சரியா விழலை. மறுபடி செய்யுங்க."

ஏகாம்பரம் மறுபடி கையை உள்ளே விட்டார். அதே இடத்தில் மறுபடி கிழித்தது. இந்த முறை அவர் கையை எடுத்துப் பார்க்கவில்லை. வெளிச்சம் இரண்டும் சுவரில் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகுதான் உலகம்மை அவர் மணிக்கட்டைக் கழுவிக் கட்டுப் போட்டார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். செம்பகவல்லி தோட்டத்துக் கேட்டருகே போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. வழக்கம்போலப் பின் கதவைத் திறக்கப் போனார்.

"முன்னாடி உட்காரு" என்றார் உலகம்மை.

"வாந்தி வந்தா சீட்டு வீணாகும்க்கா."

"கழுவினாப் போச்சு. உட்காரு."

பனி கண்ணாடியில் வந்து மோதியது. வெளிச்சம் அதைத் துளைத்துக்கொண்டு வளைவு வளைவாக இறங்கியது. பத்தாவது வளைவு தாண்டியதும் செம்பகவல்லி சொன்னார்:

"அக்கா, போன வாரம் ஒத்தைக் கண்ணோட வந்தோம். இப்ப பகல் மாதிரி இருக்கு. மெக்கானிக் மேல வந்தானா?"

"பின்னாடி உட்கார்ந்திருக்கார் பாரு."

செம்பகவல்லி கஷ்டப்பட்டுத் திரும்பிப் பார்த்தார். கையில் கட்டோடு பையை மடியில் வைத்துக்கொண்டு ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார்.

"ஆபீசர் ஐயாவா? நிஜமாவா?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப பிரேக்கையும் கொஞ்சம் பாத்திருக்கலாமே ஐயா!"

ஆறு இருபதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது.

அன்று மத்தியானம் இல்லத்துக்குத் திரும்பியதும் ஏகாம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் கொட்டகைக்குமாக நடந்தார். கடைசியில் உலகம்மையிடம் வந்து நின்றார்.

"தலைவருக்குத் தெரிவிக்கணுமா அம்மா?"

"மறைக்கணும்னு இருக்கா?"

"இல்லை."

"அப்ப எழுதுங்க."

எழுதிக்கொண்டு வந்து காட்டினார். நாலே வரி. உலகம்மை படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"'இச்செயலுக்காக மன்னிப்புக் கோருகிறேன்'. இது எதுக்கு?"

"கடிதம்னா அப்படித்தான் முடிப்போம்."

"வருத்தப்படுறீங்களா?"

ஏகாம்பரம் யோசித்தார். நேர்மையான மனிதர், அதனால் நிறைய நேரம் யோசித்தார்.

"இல்லை" என்றார். அந்த வரியை அடித்துவிட்டுக் கடிதத்தை மறுபடி முழுசாக எழுதினார்.

வெள்ளிக்கிழமையும் கார் மலை இறங்கி ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை தணிகாசலமே வந்தார். கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நேராகக் கொட்டகைக்குப் போனார். காரைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து முன் சீட்டைப் பார்த்தார். பிறகு கூடத்து வாசலில் வந்து நின்று உலகம்மைக்குக் கும்பிடு போட்டார். குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, நான் நல்லதுக்குத்தான் சொல்லியிருந்தேன். தெரியாத ஆள் வயர்ல கை வச்சு ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா யார் பொறுப்பு?"

"நான்" என்றது ஒரு குரல்.

ஏகாம்பரம் எழுந்து நின்றிருந்தார்.

"நான்தான் மாத்தினேன். கடிதத்துல அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"பாத்தேன். அரசாங்க உத்தியோகம் பாத்தவர் நீங்க. எழுத்துல ஒண்ணு குடுத்தா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"வேண்டாம். தெரியும்."

"அப்புறம்?"

"லைட் எரியலை. மறுநாள் ஆறரைக்கு அந்தப் பெண் ஆஸ்பத்திரியில இருக்கணும். பல்ப் கையில இருந்துச்சு. மாத்தினேன்."

தணிகாசலம் கூடத்தை ஒரு தடவை பார்த்தார். எல்லாரும் தெரிந்த முகம். சிரித்துக்கொண்டார்.

"சரி விடுங்க. நானும் பெரிசு பண்ண விரும்பலை. ஆனா நாளைக்கு ஆளாளுக்கு இஷ்டப்படி செய்யக் கூடாதில்லையா? தப்பு நடந்துபோச்சு, இனிமே நடக்காதுன்னு இத்தனை பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கார் இங்கேயே இருக்கட்டும். யாரும் ஒண்ணும் இழக்க வேண்டாம்."

ஏகாம்பரம் அந்த வார்த்தையை வாழ்நாளில் எத்தனையோ தடவை சொன்னவர். அதைச் சொல்ல அவருக்கு ஒரு மூச்சு போதும். வாயைத் திறந்தார். திரும்பி உலகம்மையைப் பார்த்தார்.

உலகம்மை அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு நடக்கலைங்க" என்றார் ஏகாம்பரம். தணிகாசலம் பக்கம் திரும்பினார். "நடந்தது தப்பில்லை. இனிமேலும் நடக்கும். செவ்வாய்க்கிழமை கார் போகும். வெள்ளிக்கிழமையும் போகும். அந்தப் பெண் முன் சீட்டுலதான் உட்காருவாங்க."

தணிகாசலத்தின் முகம் மாறியது. உலகம்மை பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

"அவர் சொல்லிட்டாரே."

"நான் உங்களைக் கேக்கறேன்."

"எனக்கும் அதுதான்."

"அப்ப சாவியைக் குடுத்துடுங்க."

உலகம்மை எழுந்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"கார் உங்களோடது, எடுத்துக்கலாம். செவ்வாய்க்கிழமை உங்களோடது இல்லை."

"இந்தக் கட்டடமும் அறக்கட்டளையோடதுதான். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. வெளியில அந்த மரத்தடி நிழலாத்தான் இருக்கு. பதினைஞ்சு பேர் உட்காரலாம்."

தணிகாசலம் வெளியே போய்த் தன் காரில் ஏறினார். அவருடைய டிரைவர் அறக்கட்டளைக் காரை எடுத்தார். இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக வளைவில் இறங்கி மறைந்தன. வந்தவர்களில் நாலு பேர் எழுந்து அவர் பின்னாலேயே போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மை அன்று பேசவேண்டியதைப் பேசி முடித்தார்.

எல்லாரும் போன பிறகு ஏகாம்பரம் கொட்டகையில் போய் நின்றார். தரையில் கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சொன்ன நேரத்தில் இருந்த தைரியம் இப்போது வடிந்து போயிருந்தது.

உலகம்மை ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"நான் தோட்டத்துக்குப் போய் செம்பகவல்லிகிட்டச் சொல்லிட்டு வர்றேன். நாளைக்குச் சாயங்கால பஸ்ஸுல மூணு பேரும் இறங்கிடலாம். ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவுல படுத்துக்கலாம். அங்கே நர்ஸுகளை எனக்குத் தெரியும். போர்வை எடுத்து வைங்க."

"சரிம்மா."

உலகம்மை நடந்தார். ஏகாம்பரம் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அம்மா."

உலகம்மை நின்றார்.

"உடம்பு முடியாத பொண்ணு. குளிர்ல தரையில படுக்கணும். எல்லாம் என்னாலதான். ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டார்? சொல்லித் தொலைச்சிருந்தா கார் இங்கேயே நின்னிருக்கும்."

"ஆமா" என்றார் உலகம்மை. "செவ்வாய்க்கிழமை காலையிலயும் இங்கேயேதான் நின்னிருக்கும்."